கிராண்ட் கேன்யன் நடைப்பயணம்

கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ளது. கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய ஆழ்பள்ளத்தாக்கே இதன் மையம். பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 446 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை, ஆழம் 1.6 கிலோமீட்டருக்கும் மேல். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 4,900 சதுர கிலோமீட்டர் ஆகும். 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1919 பிப்ரவரி 26 அன்று இது தேசியப் பூங்காவானது. 1979-இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆண்டுதோறும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வருகின்றனர். பெரும்பாலோர் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவர். சிறு பகுதியினர் மட்டுமே பள்ளத்தாக்கினுள் இறங்கி நடக்கின்றனர். இந்த நடைப்பயணம் பார்வைக்கு மலையேற்றம் போலத் தோன்றினாலும், அதன் அமைப்பு மலையேற்றத்துக்கு நேர்மாறானது. இங்கு இறக்கம் முதலில் வருகிறது. ஏற்றம் பின்னர் வருகிறது. பயணத்தைத் திட்டமிடும் முறை, எடுத்துச் செல்ல வேண்டிய நீரின் அளவு, புறப்படும் நேரம், திரும்ப வேண்டிய இடம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தலைகீழ் மலை

மலை ஏறுபவர் உடலில் வலு இருக்கும்போது கடினமான பகுதியைக் கடக்கிறார். களைப்பு வந்தால் எந்த இடத்திலும் நின்று, கீழே இறங்கிவிடலாம். இறக்கம் அவருக்குத் துணை செய்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றும் குளிர்கிறது.

கிராண்ட் கேன்யனில் இவை மூன்றும் தலைகீழாகின்றன. முதலாவதாக, எளிதான இறக்கம் முதலிலேயே முடிந்துவிடுகிறது. காலை நேரத்துக் குளிர்ந்த காற்றில், புத்துணர்வுடன் இறங்குபவருக்குத் தாம் வந்த தொலைவு தெரிவதில்லை. இரண்டாவதாக, களைப்பு வந்த பின்னர் திரும்பும் வழி முழுவதும் ஏற்றமாக இருக்கிறது. மூன்றாவதாக, கீழே இறங்க இறங்க வெப்பம் கூடுகிறது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி, தெற்கு விளிம்பைவிடச் சாதாரணமாக 11 பாகை செல்சியசு அளவுக்கு மேல் வெப்பமாக இருக்கும். ஜூலை மாதத்தில் விளிம்பில் பகல்நேர உச்ச வெப்பநிலை சராசரியாக 29 பாகை. ஆற்றோரத்தில் அதே மாதத்தின் சராசரி உச்சம் சுமார் 41 பாகை. இது நிழலில் அளக்கப்படும் வெப்பம். வெயிலில் நடப்பவரின் உடல் உணர்வது இதைவிட அதிகம்.

இதனுடன் நான்காவது ஒன்றும் சேர்கிறது. தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடக்கு விளிம்பு அதைவிட 300 மீட்டருக்கு மேல் உயரமானது. ஏற்றத்தின் கடைசிப் பகுதியில், கால்கள் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், காற்று மிகவும் மெல்லியதாக இருக்கிறது.

இறங்குவது விருப்பம், ஏறுவது கட்டாயம் என்ற பொருளில் பூங்கா நிர்வாகம் நடைபயணிகளை எச்சரிக்கிறது. பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து ஆண்டுதோறும் 250-க்கும் மேற்பட்டோர் மீட்கப்படுகின்றனர் என்று அந்நிர்வாகம் தெரிவிக்கிறது. அவர்களில் முதியோரும் நோயாளிகளும் மட்டுமல்லர். நல்ல உடல்வலு உள்ள இளைஞர்களும் உள்ளனர்.

பாறை அடுக்குகளும் தடத்தின் சரிவும்

பள்ளத்தாக்கின் சுவர் படிக்கட்டு போன்ற வடிவம் உடையது. கடினமான சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன. மென்மையான களிப்பாறை எளிதில் அரிக்கப்பட்டுச் சாய்வான சரிவுகளாகிறது. எனவே பாறை மாறும் இடத்தில் தடத்தின் சரிவும் மாறுகிறது.

மேலிருந்து இறங்குபவர் முதலில் சந்திப்பது கைபாப் சுண்ணாம்புக்கல். இது சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் படிந்தது. இதில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் காணப்படுகின்றன. அதற்குச் சற்றுக் கீழே வெளிர்நிறச் சுவராகத் தெரிவது கோகோனினோ மணற்கல். இது பழங்காலப் பாலைவனத்தின் மணற்குன்றுகள் இறுகி உருவானது. அக்குன்றுகளின் மேல் நடந்த விலங்குகளின் காலடித் தடங்கள் இன்றும் பாறையில் உள்ளன. அடுத்து வரும் செந்நிறச் சரிவுகளும் படிகளும் ஹெர்மிட், சுபாய் அடுக்குகளைச் சேர்ந்தவை.

பாதி ஆழத்தில் ரெட்வால் சுண்ணாம்புக்கல் பெருஞ்சுவராக நிற்கிறது. இதன் வயது சுமார் 34 கோடி ஆண்டுகள். இப்பாறையின் இயல்பான நிறம் சாம்பல். மேலடுக்குகளிலிருந்து மழைநீரோடு வழிந்த இரும்பு ஆக்சைடு இதன் முகப்பைச் சிவப்பாக்கியுள்ளது. இச்சுவரைக் கடக்கும் வழிகள் மிகச் சிலவே. ஆகையால் தடங்கள் இங்கு நெருக்கமான வளைவுகளாக மடங்கி மடங்கிச் செல்கின்றன. சுவருக்குக் கீழே டோண்டோ எனப்படும் அகன்ற மேடை விரிகிறது. அதன் விளிம்பைத் தாண்டினால் கருமையான உட்பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அங்குள்ள விஷ்ணு உருமாறிய பாறை சுமார் 175 கோடி ஆண்டுகள் பழமையானது.

விஷ்ணு பாறையின் மேல் நேரடியாக அமர்ந்திருக்கும் டேபீட்ஸ் மணற்கல்லின் வயது 50 கோடி ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இரண்டுக்கும் இடையே 100 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் பாறைகள் இல்லை. அவை அரிப்பில் அழிந்துவிட்டன. புவியியலாளர்கள் இதைப் பெரும் இடைமுறிவு என்று குறிப்பிடுகின்றனர். பாறைகள் இவ்வளவு பழமையானவை என்றாலும், ஆறு பள்ளத்தாக்கை வெட்டியது பெரும்பாலும் கடந்த 50 அல்லது 60 லட்சம் ஆண்டுகளில்தான்.

இறங்கும்போது தாவரங்களும் மாறுகின்றன. விளிம்பில் உயர்ந்த பைன் மரக்காடு. அதற்குக் கீழே குட்டையான பின்யான் பைனும் ஜூனிப்பரும். பின்னர் கற்றாழையினமும் சப்பாத்திக்கள்ளியும் முட்புதர்களும் உள்ள பாலை. ஆற்றோரத்தில் மட்டும் மீண்டும் பசுமை தென்படுகிறது. தெற்கு விளிம்பில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழையும் பனியும் பொழிகின்றன. அடிப்பகுதியில் ஏறக்குறைய அதில் பாதிதான். உயரத்துக்கு ஏற்ப உயிரினங்கள் மண்டலங்களாகப் பிரிகின்றன என்ற கருத்தை உயிரியலாளர் ஹார்ட் மெரியம் 1889-இல் இப்பகுதியில் ஆய்வு செய்தே உருவாக்கினார்.

முதன்மைத் தடங்கள்

பள்ளத்தாக்கினுள் பல தடங்கள் இருந்தாலும், பூங்கா நிர்வாகம் முறையாகப் பராமரித்து, காவலர்களைக் கொண்டு கண்காணிப்பவை மூன்று. முதல்முறை வருபவர்களுக்கு இவையே பரிந்துரைக்கப்படுகின்றன.

பிரைட் ஏஞ்சல் தடம்: தெற்கு விளிம்புக் குடியிருப்பிலிருந்து தொடங்குகிறது. பாறைப் பிளவு ஒன்றைப் பின்பற்றி இறங்குவதால் ஓரளவு நிழல் கிடைக்கும். சுமார் 2.4 கிலோமீட்டரிலும் 4.8 கிலோமீட்டரிலும் ஓய்வுக் கூடங்கள் உள்ளன. 7.2 கிலோமீட்டரில் ஹவசுபாய் கார்டன்ஸ் என்னும் ஊற்றுச் சோலை வருகிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வழியே கசிந்து, நீர் ஊடுருவாத களிப்பாறையைத் தொட்டதும் வெளியே வருவதால் இவ்வூற்று உண்டாகிறது. சோலையிலிருந்து ஒரு கிளைத்தடம் ஆற்றை மேலிருந்து காணும் பிளேட்டோ பாயிண்ட் முனைக்குச் செல்கிறது. முதன்மைத் தடம் ஆற்றங்கரையை அடைந்து, பாலத்தைக் கடந்து, ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் அடிப்பகுதி முகாம் தளத்தைச் சேர்கிறது. மொத்த இறக்கம் சுமார் 1,335 மீட்டர்.

தெற்கு கைபாப் தடம்: மலைமுகட்டின் மீதே இறங்குவதால் இருபுறமும் தடையற்ற காட்சி கிடைக்கிறது. அதே காரணத்தால் நிழல் ஏறத்தாழ இல்லை. வழியில் குடிநீர் எங்கும் இல்லை. முகாம் தளம் வரை சுமார் 11 கிலோமீட்டர். இறக்கம் சுமார் 1,450 மீட்டர். தூரம் குறைவு என்பதால் எளிது என்று எண்ணுவது தவறு. அதிக இறக்கம் குறைந்த தூரத்தில் அடங்குவதால் சரிவு கூடுதலாகும். 2.4 கிலோமீட்டரில் உள்ள சீடர் ரிட்ஜ், ஒருநாள் பயணிகள் பலர் திரும்பும் இடம்.

வடக்கு கைபாப் தடம்: வடக்கு விளிம்பிலிருந்து முகாம் தளம் வரை சுமார் 22.5 கிலோமீட்டர். மூன்றில் இதுவே நீளமானது. வடக்கு விளிம்பில் பனிப்பொழிவு அதிகம் என்பதால் குளிர்காலத்தில் அங்குள்ள சாலை மூடப்படும். 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் வடக்கு விளிம்பின் வரலாற்றுப் புகழ்பெற்ற தங்குவிடுதி எரிந்து அழிந்தது. அப்பகுதியும் இத்தடமும் மூடப்பட்டன. பயணத்துக்கு முன் தடங்களின் நிலவரத்தைப் பூங்காவிடம் கேட்டறிவது எப்போதும் தேவை.

ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நடப்பதும் உண்டு. இரு விளிம்புகளும் பறவை பறக்கும் வழியில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. தடங்களின் வழியே நடந்தால் 34 முதல் 38 கிலோமீட்டர். சாலை வழியே சுற்றிச் சென்றால் 340 கிலோமீட்டருக்கும் மேல்.

உள்ளே இறங்காமலும் பள்ளத்தாக்கை நடந்து காணலாம். தெற்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் விளிம்புத் தடம் சுமார் 21 கிலோமீட்டர் நீளமானது, பெரும்பகுதி சமதளம். அதன் ஒரு பகுதி காலத்தடம் எனப்படுகிறது. அங்கு ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். வழியோரம் வைக்கப்பட்டுள்ள பாறை மாதிரிகளின் மூலம் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

தடங்களின் வரலாறு

இப்பள்ளத்தாக்கில் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். ஹவசுபாய், ஹோப்பி, நவஹோ, ஹுவலபாய், சுனி, பையூட் உள்ளிட்ட 11 பழங்குடி இனத்தவருக்கு இது மரபுவழி நிலம். கைபாப் என்ற சொல்லே பையூட் மொழியைச் சேர்ந்தது; படுத்திருக்கும் மலை என்பது அதன் பொருள். 1869-இல் ஜான் வெஸ்லி பவல் தலைமையிலான குழு படகுகளில் கொலராடோ ஆற்றின் வழியே பள்ளத்தாக்கைக் கடந்து, அதன் விவரங்களை வெளியுலகுக்கு அறிவித்தது.

இன்று பிரைட் ஏஞ்சல் தடம் எனப்படுவது, ஹவசுபாய் மக்கள் விளிம்புக்கும் ஊற்றுச் சோலைக்கும் இடையே பயன்படுத்திய பாதை. சோலையில் அவர்கள் பயிர் செய்துவந்தனர். 1890-களில் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டவர்கள் அப்பாதையை விரிவாக்கினர். அவர்களுள் ஒருவரான ரால்ஃப் கேமரன், சுரங்க உரிமைகளைக் காட்டித் தடத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்து, பயணிகளிடம் ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். அவர் பின்னர் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் ஆனார். சுங்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு சாண்டா ஃபே ரயில் நிறுவனம் 1910-களின் தொடக்கத்தில் ஹெர்மிட் தடத்தை அமைத்தது. பூங்கா நிர்வாகம் 1924-25 ஆண்டுகளில் தெற்கு கைபாப் தடத்தை வெட்டியதற்கும் இதுவே காரணம். 1928-இல்தான் பிரைட் ஏஞ்சல் தடம் பூங்காவின் கைக்கு வந்தது.

அதே 1928-இல் ஆற்றின் குறுக்கே கைபாப் தொங்குபாலம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கனமான இரும்பு வடங்களைக் கோவேறு கழுதைகளால் வளைவுகளில் கொண்டுசெல்ல இயலவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், பெரும்பாலும் ஹவசுபாய் இனத்தவர், வரிசையாக நின்று ஒவ்வொரு வடத்தையும் தோளில் சுமந்து தடத்தின் வழியே இறக்கினர். அவ்வினத்தவரின் உழைப்பு பாலத்துக்குத் தேவைப்பட்ட அக்காலத்திலேயே, ஊற்றுச் சோலையில் எஞ்சியிருந்த ஹவசுபாய் மக்கள் பூங்கா நிர்வாகத்தால் வெளியேற்றப்பட்டனர். 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் சுமார் 75,000 ஹெக்டேர் நிலம் ஹவசுபாய் இனத்தவருக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ஆயினும் இச்சோலை பூங்காவினுள்ளேயே உள்ளது. நெடுங்காலம் இந்தியன் கார்டன் என்று வழங்கிய அதன் பெயர், அவ்வினத்தவரின் கோரிக்கையை ஏற்று 2022-இல் ஹவசுபாய் கார்டன்ஸ் என மாற்றப்பட்டது.

குடிநீர்

முதன்மைத் தடங்களிலும் தெற்கு விளிம்பிலும் கிடைக்கும் குடிநீர் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. வடக்கு விளிம்புக்குக் கீழே பாறையிலிருந்து பாயும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் அருவியூற்றிலிருந்து, சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் பள்ளத்தாக்கைக் கடந்து தென்பகுதிக்கு நீரைக் கொண்டுவருகிறது. ஆற்றைக் கடக்கும் இரு பாலங்களில் ஒன்று இக்குழாயைத் தாங்குகிறது. 1960-களில் கட்டத் தொடங்கிய இக்குழாய் பழையதாகிவிட்டது. 2010-க்குப் பிறகு 85-க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள் ஏற்பட்டுள்ளன. 2024 ஆகஸ்டு இறுதியில் அடுத்தடுத்து ஏற்பட்ட உடைப்புகளால் தெற்கு விளிம்பின் விடுதிகளில் இரவு தங்குவது சில நாள் நிறுத்தப்பட்டது. குழாயைப் புதுப்பிக்கும் பணி பல ஆண்டுத் திட்டமாக மேற்கொள்ளப்பட்டு வருகிறது.

நடைபயணிக்கு இதன் பொருள் நேரடியானது. வரைபடத்தில் குழாய் குறிக்கப்பட்டுள்ள இடத்தில் நீர் இல்லாமல் போகலாம். ஓய்வுக் கூடங்களின் குழாய்கள் உறைபனிக் காலத்தில் மூடப்படுவதும் வழக்கம். எனவே புறப்படும் நாளன்று எந்தக் குழாயில் நீர் வருகிறது என்று உறுதிசெய்வதுடன், ஓடைநீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டி அல்லது மாத்திரை ஒன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

வெப்பமும் உடலும்

நடக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஏறும்போது அது பன்மடங்காகிறது. உடல் வியர்வையின் மூலம் அவ்வெப்பத்தை வெளியேற்றுகிறது. பாலைக் காற்று மிகவும் வறண்டது என்பதால் வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிறது. சட்டை நனையாததால், எவ்வளவு நீரை இழந்தோம் என்று நடப்பவருக்குத் தெரிவதில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறைச் சுவர்களும் மாலையில் வெப்பத்தை உமிழ்கின்றன.

இவற்றால் வரும் தொல்லைகள் மூன்று வகை.

வெப்பச் சோர்வு: நீரிழப்பால் வருவது. தலைவலி, குமட்டல், முகம் வெளுத்தல், தசைப்பிடிப்பு ஆகியன அறிகுறிகள். நிழலில் அமர்ந்து, நீர் அருந்தி, உண்டு, உடலைக் குளிர்வித்தால் பெரும்பாலும் தணியும்.

வெப்ப மூர்ச்சை: உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறனை இழக்கும் நிலை. குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தோன்றும். இது உயிருக்கு ஆபத்தான அவசர நிலை. உடனே நீரூற்றி, விசிறி, உடலைக் குளிர்வித்துக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும்.

குருதிச் சோடியக் குறைவு: இதுவே பலரும் அறியாதது. உண்ணாமல் வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே நடந்தால், வியர்வையில் உப்பை இழந்த உடலில் சோடியத்தின் அடர்வு மேலும் குறைகிறது. அறிகுறிகள் வெப்பச் சோர்வைப் போலவே இருக்கும். அதைத் தாகம் எனத் தவறாகக் கருதி மேலும் நீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். அடிக்கடி சிறுநீர் கழித்தும், நிறைய நீர் குடித்தும், உடல் தேறாமல் மனக்குழப்பம் கூடினால் இதை ஐயுற வேண்டும்.

ஆகவே நீரும் உணவும் சேர்ந்தே செல்ல வேண்டும். உப்பிட்ட கொறிக்கும் பண்டங்களை வழக்கத்தைவிட அதிகமாக, சிறிது சிறிதாக, நடை முழுவதும் உண்பது பயன் தரும். நீர் கிடைக்கும் இடங்களில் எல்லாம் தொப்பியையும் சட்டையையும் கழுத்துத் துணியையும் நனைத்துக்கொள்வது எளிய, பயனுள்ள முறை. துணியிலிருந்து ஆவியாகும் நீர், வியர்வையின் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது.

நேரத்தைக் கணக்கிடுதல்

இத்தடங்களில் தூரத்தைவிட நேரமே நம்பத்தக்க அளவு. இறங்க ஆன நேரத்தைப் போல இருமடங்கு ஏறுவதற்கு ஆகும் என்பது பூங்கா நிர்வாகம் தரும் பொது விதி. கோடையில் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை பள்ளத்தாக்கினுள் நடக்கக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது.

இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒருநாள் பயணத்தின் எல்லை தெளிவாகும். காலை 5.30 மணிக்குப் புறப்படுபவர் 10 மணிக்குள் விளிம்பை அடைய வேண்டுமானால், அவர் கையில் இருப்பது நான்கரை மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மணி நேரம் மட்டுமே இறங்கலாம். 7 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கிருந்து திரும்ப வேண்டும். அடுத்த வளைவில் ஆறு தெரியும் என்ற ஆவல் எழும் நேரமும் அதுவே. திரும்பும் நேரத்தை மேலேயே முடிவுசெய்து, உடன்வருவோர் அனைவருக்கும் சொல்லிவிட்டு இறங்குவதன் பயன் அப்போது தெரியும்.

விளிம்பிலிருந்து ஆற்றுக்குச் சென்று அதே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்று, குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை, பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஆற்றை அடைய விரும்புவோர் கீழே இரவு தங்கி மறுநாள் ஏறுவதே முறை. ஒருநாள் நடைக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் முகாமிட்டுத் தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இடங்கள் குறைவு, கேட்போர் மிகுதி. ஆற்றின் வடகரையில் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1922-இல் கட்டப்பட்ட ஃபான்டம் ரான்ச் விடுதியில் இடம் பெறுவதற்குக் குலுக்கல் முறை பின்பற்றப்படுகிறது. அவ்விடுதிக்கு வேண்டிய உணவுப் பொருள்கள் இன்றும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் இறங்குகின்றன.

நடைக்கு ஏற்ற பருவங்கள் வசந்தமும் இலையுதிர்காலமும். குளிர்காலத்தில் கீழே இதமாக இருந்தாலும், தடங்களின் மேற்பகுதி பனிக்கட்டியால் வழுக்கும். காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் தேவைப்படும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல்களில் இடிமழை பெய்யும். தொலைவில் பெய்த மழைகூட வறண்ட ஓடையில் திடீர் வெள்ளமாக வந்து சேரலாம். எனவே ஓடைப் படுகையில் ஓய்வெடுப்பதும் முகாமிடுவதும் கூடாது. வெப்பத்துக்குத் தீர்வாகக் கொலராடோ ஆற்றில் இறங்குவதும் ஆபத்தானது. மேலே உள்ள கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து நீர் திறக்கப்படுவதால் ஆறு மிகவும் குளிர்ந்தது; நீரோட்டமும் வலுவானது.

மீட்பும் அதன் எல்லையும்

பள்ளத்தாக்கினுள் பெரும்பாலான இடங்களில் கைபேசி இயங்காது. சில ஓய்விடங்களில் அவசரத் தொலைபேசிகள் உள்ளன. செய்தி கிடைத்தாலும் உதவி உடனே வந்துவிடாது. கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டரின் தூக்குதிறன் குறைகிறது. புயல், புகை, இருள் ஆகியவையும் அதைத் தடுக்கும். அப்போது காவலர்கள் அதே தடத்தில், அதே வெயிலில், நடந்தே வர வேண்டும். ஒருவரின் தவறான கணக்கு மீட்க வருபவரின் உயிரையும் பணயம் வைக்கிறது.

இதனால் பூங்கா நிர்வாகம் 1997-இல் தடுப்பு மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற காவலர்களும் தன்னார்வலர்களும் தடங்களின் தொடக்கத்திலும் மேற்பகுதியிலும் நின்று, இறங்குவோரிடம் பேச்சுக் கொடுக்கின்றனர். எங்கே செல்கிறீர்கள், எவ்வளவு நீர் வைத்திருக்கிறீர்கள், என்ன உணவு இருக்கிறது, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கின்றனர். தடை விதிப்பது அவர்களின் நோக்கமன்று. உடல் இன்னும் களைக்காத இடத்தில், முடிவை மாற்றிக்கொள்வது எளிதாக இருக்கும் நேரத்தில், அவர் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்வதே நோக்கம்.

தடத்தில் நடத்தை

ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். கோவேறு கழுதைகள் வரும்போது, பள்ளத்தின் பக்கமாக ஒதுங்காமல், மலைச்சுவரின் பக்கமாக ஒதுங்கி, ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டு, அவை கடந்துபோகும் வரை அசையாமல் நிற்க வேண்டும். வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்குவது தடத்தை அரிக்கும். கீழே வருபவர் மேல் கற்களை உருட்டும்.

பாறை அணில்களுக்கு உணவு கொடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இங்கு அஞ்சப்படும் இளஞ்சிவப்புச் சலங்கைப் பாம்பைவிட, மனிதர் கையிலிருந்து உண்ணப் பழகிய அணில்களே பார்வையாளர்களை அதிகம் கடிக்கின்றன. குப்பை அனைத்தையும் மேலே எடுத்துவர வேண்டும். விளிம்பின் மேல் வட்டமிடும் கலிபோர்னியா காண்டோர் கழுகுகளுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. 1982-இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த இப்பறவை, கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு 1996 முதல் வட அரிசோனாவில் விடுவிக்கப்பட்டு வருகிறது. நாணயம், மூடி போன்ற பளபளக்கும் சிறு பொருள்களை அது விழுங்கிவிடுவதுண்டு. பழங்காலக் குடியிருப்புகளின் எச்சங்களையும் பானை ஓடுகளையும் தொடவோ எடுக்கவோ கூடாது. அவை இன்றும் அந்நிலத்தோடு உறவுள்ள மக்களின் முன்னோர் விட்டுச் சென்றவை.